படத்தை மறைத்த கை

தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அந்த ஊருக்கு லாரி வரும். செங்கல் சூளைக்கு ஆள் ஏற்றிப் போகிற லாரி. அது போன பிறகு பாதி ஊர் காலி. அங்கே சூளையில் பெரியவர்கள் மண் குழைப்பார்கள், கல் அறுப்பார்கள். பிள்ளைகள், வெயிலில் காயப்போட்ட, இன்னும் சுடாத பச்சைக் கல்லைப் புரட்டிப் புரட்டிப் போடும். பச்சைக் கல்லில் விரல் பதியக் கூடாது. அதற்குச் சின்னக் கைதான் தோது என்பார்கள்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தவமணி டீச்சர் இருந்தார். அவரிடம் பாடம் கேட்க ஒருவர் வந்தார். பரஞ்சோதி என்று பெயர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிடப் பதினைந்து வயது மூத்தவர்.

"பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரணும்னு ஆசை, டீச்சரம்மா. எப்படிச் சொல்லித் தர்றதுன்னு எனக்குச் சொல்லித் தாங்க."

"கடைசி பெஞ்சில ஒரு மாசம் உட்காருங்க, ஐயா."

உட்கார்ந்தார். பிள்ளைகள் அவருக்கு விசில் தாத்தா என்று பெயர் வைத்தன. "தாத்தா, ஒரு டிக்கெட்" என்று கையை நீட்டும். அவரும் காய்ந்த புளிய இலையைக் கிள்ளிக் கொடுப்பார். சில்லறை இல்லை, இறங்கும்போது வாங்கிக்கோ என்பார்.

மாதம் முடிந்தது. டீச்சர் ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

"இவ செவ்வந்தி. மூணாவது. வருஷத்துல பாதி சூளை, பாதி இங்கே. இவ அப்பா மாயவன் வந்துட்டுப் போனார். லாரி வர்றதுக்குள்ள இவளுக்குப் படிக்க வந்துட்டா அத்தை வீட்ல விட்டுட்டுப் போறாராம். வரலைன்னா கூட்டிட்டுப் போயிடுவாராம். இருபது நாள் இருக்கு."

பரஞ்சோதி குனிந்து பார்த்தார். அந்தப் பிள்ளையின் விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

"ஏறிக்கோ பாப்பா, போலாம்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் வேப்பமரத்தடியில் அவர் குரல் கேட்டது. அவர் ஒரு வரி படிப்பார். செவ்வந்தி அதைத் திருப்பிச் சொல்லும். "ரைட்" என்பார். அடுத்த வரி. முதலில் முனகிய பிள்ளை பிறகு பாட்டுப் பாடுகிற மாதிரி சொல்லிற்று. அவருக்குச் சந்தோஷம் தாளவில்லை. சந்தோஷத்துக்கு அடியில் ஒரு சின்னச் சந்தேகமும் இருந்தது. அதைக் கிளறிப் பார்க்க அவருக்குப் பயம்.

லாரி வருவதற்கு மூன்று நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளையை டீச்சர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கேளுங்க, டீச்சரம்மா. முழுப் பக்கம்!"

புத்தகத்தைத் திறந்தார். மேலே ஒரு வெள்ளாட்டுப் படம். கீழே நாலு வரி. செவ்வந்தி விரலை வைத்து ஆரம்பித்தது.

"வெள்ளாடு வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சை இலை. எட்டி எட்டிப் பார்த்தது. எட்டவில்லை."

"ரைட்!" என்றார் பரஞ்சோதி.

டீச்சர் பத்துப் பதினைந்து பக்கம் முன்னும் பின்னும் புரட்டினார். மறுபடி அதே பக்கத்தைத் திறந்தார். இந்தத் தடவை படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார். வரிகள் மட்டும் தெரிந்தன.

"இப்போ படி, கண்ணு."

செவ்வந்தி வரிகளைப் பார்த்தது. டீச்சர் கையைப் பார்த்தது. பிறகு தாத்தாவைப் பார்த்தது. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சர் திட்டவில்லை. ஒரு சிலேட்டை எடுத்து எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டினார். தெரிந்ததற்குப் பிள்ளை தலையை ஆட்டிச் சொல்லிற்று. தெரியாததற்குத் தரையைப் பார்த்தது. எல்லாம் முடிந்ததும் டீச்சர் எண்ணினார்.

"பதினொண்ணு" என்றார். "போய்த் தண்ணி குடி."

பிள்ளை போனதும் பரஞ்சோதி கையைப் பிசைந்தார்.

"மாயவன் வர்ற நேரம், டீச்சரம்மா. அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்க கையை மட்டும் எடுத்துடுங்க. படம் தெரியட்டும். பிள்ளை சொல்லிடும். அவன் விட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் ஆறு மாசம் இருக்கு நமக்கு. உட்கார்ந்து ஒழுங்கா சொல்லித் தரலாம்."



மாயவன் வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசற்படியிலேயே நின்றார்.

"என்ன டீச்சர், நம்ம பாப்பா படிக்குதா?"

வெள்ளாட்டுப் பக்கம் மேஜைமேல் திறந்தே கிடந்தது. டீச்சர் புத்தகத்தை மூடினார்.

"படிக்க வரலை, மாயவன். பதினொரு எழுத்து தெரியும். அவ்வளவுதான்."

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார்.

"மூணு வருஷமா வருது" என்றார் மாயவன். "பதினொண்ணா?"

"ஆமா. குறை அவகிட்ட இல்லை. நான் இவளை முன்னாடியே பார்த்திருக்கணும்."

"நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா அங்கே கல் புரட்ட ஆள் இல்லையே, டீச்சர். இவ அம்மாவுக்கு இடுப்பு போயிடுச்சு." விரலை மடக்கி நாளை எண்ணினார். "பொய் சொல்லாம சொன்னீங்க. அதுக்காகப் பொறுக்கறேன். ஞாயித்துக்கிழமை பொழுது சாய வரேன். அப்பவும் இதே பதினொண்ணுன்னா ஏத்திக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பரஞ்சோதி குரலை உயர்த்தினார். அதுவரை அவர் டீச்சரிடம் சத்தமாகப் பேசியதில்லை.

"ஒரு பிள்ளையைச் சூளையில தள்ளப் பார்த்தீங்களே! ஒரு கையை எடுத்திருந்தா போதுமே. என்ன கெட்டுப் போயிருக்கும்?"

டீச்சர் மேஜையைத் துடைத்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஊர்ல அஞ்சலைன்னு ஒரு பிள்ளை இருந்தது, ஐயா. இதே மூணாவது. நல்லா படிப்பா. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடகடன்னு சொல்லுவா. அவ அம்மாகிட்ட நானே சொன்னேன், உங்க பொண்ணு படிச்சிட்டான்னு. அந்த அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுப் போனாங்க."

"சரி."

"அவளுக்கு ஒரு தம்பி. எட்டு மாசக் குழந்தை. ஒரு நாள் இருமல் தாங்கலை. பால் குடிக்காம அழுதிருக்கு. அம்மாவால மடியை விட்டு எழுந்திருக்க முடியலை. 'பரண்ல ரெண்டு பாட்டில் இருக்கு. ஒண்ணு இருமலுக்கு, இன்னொண்ணு கத்திரிச் செடியில பூச்சிக்கு அடிக்கிறது. நீதான் படிச்சவளாச்சே, படிச்சுப் பார்த்து எடுத்துட்டு வா'ன்னு சொல்லியிருக்காங்க."

பரஞ்சோதி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு பாட்டில் மேலயும் பச்சை இலைப் படம் போட்டிருந்தது, ஐயா."

வெளியே பிள்ளைகள் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"அவளுக்குத் தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே" என்றார் பரஞ்சோதி, மெதுவாக.

"எப்படிச் சொல்லுவா? தெரியும்னு டீச்சரே சொல்லிட்டாங்களே." டீச்சர் துடைத்த துணியை மடித்தார். "பாட்டிலை எடுத்துட்டு வந்து, வழக்கமா பாடம் சொல்ற மாதிரியே விரலை வச்சு, 'இருமல் மருந்து'ன்னு படிச்சிருக்கா. அம்மாவுக்கு நாத்தம் அடிச்சிருக்கு. மருந்துன்னா நாறத்தான் செய்யும்னு நினைச்சிருக்காங்க. ஒரு சங்கு புகட்டினாங்க."

மடித்த துணியை மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நான் போனப்போ குழந்தையை வாசல்ல கிடத்தியிருந்தாங்க. அந்த அம்மா என் காலைப் பிடிச்சுக்கிட்டு, 'எங்க பொண்ணு சரியாத்தானே படிச்சா, டீச்சர்'னு கேட்டாங்க. அஞ்சலை தூணுக்குப் பின்னால நின்னுக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டிருந்தா."

பரஞ்சோதி ஜன்னல் பக்கம் போனார். வேப்பமரத்தடியில் செவ்வந்தி தனியாகக் குந்தியிருந்தது. மணலில் விரலால் எழுதியிருந்தது. பதினொரு எழுத்து, வரிசையாக. பன்னிரண்டாவது இடத்தில் விரலை ஊன்றிக்கொண்டு, மேலே என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தது.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"அந்த அஞ்சலைக்கு அப்போ எத்தனை எழுத்து தெரிஞ்சிருந்தது, டீச்சரம்மா?"

"தெரியாது, ஐயா. நான் ஒருநாளும் கேட்டதில்லை."