உள்ளங்கைச் சீட்டு

ஆபீஸ் மேசை மேல இருக்கறதெல்லாம் வாய் விட்டுப் பேசிக்கிட்டிருந்த காலம் அது. ஸ்டேப்ளர் ஊர்வம்பு பேசும். பன்ச் மெஷினுக்கு எதைச் சொன்னாலும் கோவம் வரும். ஸ்டிக்கி நோட் மட்டும் ஊமை. மஞ்சளா, சதுரமா, முதுகு முழுக்கப் பசையோட, ஒட்டுன எடத்துல கம்முனு கெடக்கும்.

அந்த ஆபீஸுக்கு சூப்பிரண்டு தாணப்பன். லீவு லெட்டர் எது வந்தாலும் அவர் வாயில ஒரே வார்த்தைதான்: "பாப்போம்." ஒரு நாள் அவருக்கு ஆசை, தான் ஒட்டற ஸ்டிக்கி நோட் சீட்டு மட்டும் தனியாத் தெரியணும்னு. அச்சாபீஸுக்குப் போய் மேசை மேல வலது கையை விரிச்சு வெச்சார்.

"இதே உருவத்துல நூறு வெட்டுங்க பாய்."

அச்சாபீஸ் காதர் அந்தக் கையை ரொம்ப நேரம் பாத்தார். "கை மாதிரி வெட்டினா கை வேலையைத்தான் பாக்கும் சார். மீன் மாதிரி வெட்டித் தரட்டா? அழகா இருக்கும்."

"பாக்கட்டுமே. எனக்கு இருக்கற ரெண்டு கை பத்தல."

வெட்டிக் குடுத்தார். ரேகை உட்பட.

கட்டுலேருந்து உரிக்கறப்ப ஒவ்வொரு சீட்டும் வெதுவெதுன்னு இருந்துச்சு. முதல் சீட்டை தாணப்பன், கிளார்க் சுடலையாண்டியோட லீவு லெட்டர்ல ஒட்டினார். அஞ்சு விரலும் காகிதத்தை மெதுவா அழுத்திப் பிடிச்சுது. அப்புறம் சூப்பிரண்டு குரல்லயே சொல்லுச்சு:

"பாப்போம்."

சுடலையாண்டி தம்பி கல்யாணத்துக்குக் கெளம்பினவர். ஆபீஸ் கேட்டு வரைக்கும் நடந்தார். அதுக்கு மேல கால் வரல. காகிதத்தைப் பிடிச்ச கை, அதுல கையெழுத்துப் போட்ட ஆளையும் சேத்துப் பிடிச்சிருந்துச்சு. லெட்டரைக் கிழிச்சுப் பாத்தார். காகிதம் எவ்வளவு கிழிஞ்சுதோ, அவர் காது மடல் அவ்வளவு கிழிஞ்சுது. விட்டுட்டார். கையில பெட்டியோட, "இதோ கெளம்பிட்டேன், இதோ கெளம்பிட்டேன்"னு கேட்டுப் பக்கமே நின்னார். மூணு வருஷம். தோள்ல தூசி ஏறிருச்சு. தம்பி புள்ளை நடக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்பதான் ஒரு மத்தியானம் டைப்பிஸ்ட் அமலோற்பவம் லெட்டரோட போய் நின்னாங்க.

"சார், மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்திருச்சாம். கூட யாருமில்ல சார்."

"வலி எடுத்தா ஒடனேயாம்மா பொறந்திரும்? பாப்போம்."

ஒட்டிட்டு, உள்ரூம்ல தயிர்சாதம் சாப்பிடப் போயிட்டார்.

போன் அடிச்சுது. "எம்மா, எங்க இருக்க? பயமா இருக்கும்மா."

"இதோ கெளம்பிட்டேன்டி"ன்னாங்க அமலோற்பவம். சொன்ன வாயை அவங்களே பொத்திக்கிட்டாங்க. கேட்டுப் பக்கத்துலேருந்து சுடலையாண்டி திரும்பிப் பாத்தார்.

ஸ்டேப்ளர் முணுமுணுத்துச்சு. "அக்கா, கிழிச்சிராதீங்க."

"கிழிக்க மாட்டேன். கையா இருந்தா என்ன, பிடிக்கறது பசைதானே?"

ஹேண்ட்பேக்லேருந்து பவுடர் டப்பாவை எடுத்தாங்க. ஸ்கேல் நுனியில பவுடரைத் தொட்டு, சுண்டு விரலுக்கு அடியில நைஸா விட்டாங்க.

"ஹிஹி"ன்னுச்சு சீட்டு. "கூசுதும்மா."

உள்ரூம்லயும் ஒரு சிரிப்பு. ஸ்பூன் கீழ விழுற சத்தம்.

சுண்டு விரல் பிடி விட்டு மேல எழும்புச்சு. மோதிர விரல். நடுவிரல். உள்ரூம்ல சிரிப்பு நிக்கல. சிரிக்கறவர் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சறதும் சிரிப்பாவே வந்துச்சு. பீரோவுக்குள்ள பூட்டி வெச்சிருந்த அத்தனை சீட்டும் சேந்து சிரிச்சுது. எல்லாம் ஒரே கையிலேருந்து வெட்டினதாச்சே. அமலோற்பவம் சிரிக்கல. ஆள்காட்டி விரல். கட்டை விரல். உள்ளங்கை.

மணிக்கட்டுகிட்ட வந்தப்ப பவுடர் தீந்து போச்சு. மேல ஒரு விரக்கடை பசை பாக்கி. டப்பாவைக் கவுத்துத் தட்டிப் பாத்தாங்க. ஒண்ணுமில்ல.

"எம்மா..."ன்னு போன்ல சத்தம் தேய்ஞ்சுது.

பல்லைக் கடிச்சுக்கிட்டு, எழும்பி நின்ன அஞ்சு விரலையும் கோத்துப் பிடிச்சு இழுத்தாங்க. சர்ர்ர். வந்திருச்சு. லெட்டர்ல ஒரு கீறல் இல்ல.

சிரிப்பு நின்னுச்சு. உள்ரூம் கதவைத் தள்ளிக்கிட்டு தாணப்பன் வந்தார். வலது கையை இடது கையில தாங்கிப் பிடிச்சிருந்தார். அஞ்சு விரலும் பின்னால வளைஞ்சு மேல நின்னுச்சு. மடக்கினா மடங்கல.

"என்னம்மா பண்ணின?"

"லீவு எடுத்தேன் சார்."

செருப்பைக் கூட மாட்டல. கேட்டைத் தாண்டி ஓடினாங்க. சுடலையாண்டி லெட்டர்ல இருந்த கையும் சிரிச்ச சிரிப்புல பிடி விட்டிருந்துச்சு; பின்னாலயே பெட்டியோட அவரும் ஓடினார். மக கையைப் பிடிச்சப்ப குழந்தை தலை தெரிய ஆரம்பிச்சிருந்துச்சு.

அந்த மத்தியானத்துக்கு அப்புறம் மீனா வெட்டு, மாங்காயா வெட்டு, கம்பெனி கட்டடம் மாதிரியே வெட்டு, எந்த உருவத்துல அடிச்சாலும் ஸ்டிக்கி நோட்டுக்கு மேல ஒரு விரக்கடைதான் ஒட்டும். ஃபேன் ஓடாதப்பவும் அதோட கீழ்நுனி மெதுவா எழும்பறதைப் பாத்திருப்பீங்க. காத்து இல்ல அது. இன்னும் எதையாவது பிடிக்க முடியுமான்னு விரலை நீட்டிப் பாக்குது.