வாசலில் நின்ற காய்ச்சல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், மல்யுத்தம் என்றால் சாப்பாட்டையே மறந்துவிடும் ராஜா ஒருவர் இருந்தார். அவருடைய மல்யுத்தத் திருவிழா நெருங்கிய நேரத்தில், ஆற்றுக்கு அக்கரை ஊர்களில் விஷக்காய்ச்சல் பரவியது.

"கூட்டம் கூடினால் ஆபத்து, அரசே. இப்போதே விழாவை நிறுத்திவிடுங்கள்" என்றான் அரசவை விகடகவி தேனப்பன்.

அவனைக் கண்டாலே எரிந்துவிழும் மந்திரி வில்லவராயர் சிரித்தார். "வராத காய்ச்சலுக்கு விழாவை நிறுத்தினால் ஊரே நகைக்கும், பிரபு!"

ராஜாவுக்கும் விழாவை விட மனமில்லை. "தேனப்பா, கோட்டை வாசலில் நில். காய்ச்சல் வந்ததும் என்னிடம் சொல். அப்போது நிறுத்தலாம்."

"உத்தரவு, அரசே."

மந்திரி அக்கரைக்குப் போய் மல்லர்களை வண்டி வண்டியாக அழைத்து வந்தார். வாசலில் தேனப்பன் குறுக்கே நின்றான்.

"ஐயா, தாங்கள்தான் காய்ச்சலா?"

"அடேய், நான் மந்திரியடா!"

"காய்ச்சலும் அப்படித்தான் சொல்லுமாம். தள்ளி நில்லுங்கள்."

வெயிலில் மல்லர்கள் கூச்சல் போட, ராஜாவே கோபத்தோடு ஓடி வந்தார். "என்ன விளையாட்டு இது?"

"தங்கள் ஆணைதான், அரசே. காய்ச்சல் வந்தால் சொல்லச் சொன்னீர்கள். அதன் முகம் எனக்குத் தெரியாது. அதனால் முகம் உள்ள எல்லோரையும் நிறுத்திவிட்டேன்."

"இவர்களில் யாருக்குக் காய்ச்சல் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?"

"படுக்கையில் விழுந்ததும் தெரியும். அதற்குள் எத்தனை பேரைக் கட்டிப் புரண்டிருப்பார்களோ!"

ராஜா மல்லர்களிடமிருந்து இரண்டடி பின்வாங்கினார். பிறகு விழாவை நிறுத்தி, மந்திரி உட்பட வந்தவர்கள் எல்லோரையும் கோட்டைக்கு வெளியே சத்திரத்தில் தனித்தனியே தங்கவைத்தார். சந்தைக் கடைகளையும் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னார்.

சில நாட்களில் சத்திரத்தில் மல்லர்கள் சிலர் காய்ச்சலில் படுத்தார்கள்; மந்திரியும் படுத்தார். வைத்தியர் கஞ்சியும் கஷாயமும் கொடுத்து எல்லோரையும் தேற்றினார். ஊருக்குள் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை.

உடம்பு தேறிச் சபைக்கு வந்த மந்திரி முதல் வேலையாக முறையிட்டார்: "பார்த்தீர்களா, பிரபு! ஊருக்குள் காய்ச்சல் வரவே இல்லை. விழாவை நிறுத்தியது வீண்!"

"தேனப்பா, என்ன சொல்கிறாய்?"

"உண்மைதான், அரசே. எல்லோரும் பிழைத்துவிட்டோம். குறை சொல்ல மந்திரியாரும் பிழைத்துவிட்டார். அந்த ஒரு நஷ்டம்தான்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தேனப்பனுக்குப் போட்டார். அதைப் பார்த்து மந்திரிக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது.