வலது கை, இடது கை

லே, குரு சிஷ்யன் கதைன்னதும் கையக் கட்டிட்டு உக்காராதீங்க. உங்க மூஞ்சிக்கெல்லாம் பக்தி பொருந்தல. கமண்டலம் தேடுறவன் இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம்.

எங்க குருவுக்கு முப்பத்தோரு வயசு. ஜெபராணி மேடம். ஆஸ்பத்திரி லேப்ல ரத்தத்துல கிருமி பாக்குற டாக்டர். சிஷ்யனுக்கு அம்பத்திநாலு. கோதண்டபாணி சார், ஐசியு டாக்டர், தலை பூரா நரை. லேபுக்குப் புது மெஷின் வந்துருக்கு, கத்துக்கணும்னு தானா நோட்டும் பேனாவுமா வந்து நின்னாரு. நான் அங்க வார்டு வார்டா ரத்தம் எடுக்குறவன்.

ரத்தத்துல கிருமி பரவிட்டா ஆளு மணிக்கணக்குல போயிரும். எடுத்த ரத்தத்த பாட்டில்ல விட்டு, அதுல கிருமி வளந்தப்புறமும் அது பேரு தெரிய முந்தி ரெண்டு நாளாகும். இந்த மெஷின் ஒரு மணி நேரத்துல சொல்லிரும்.

மொத நாளே சார் கேட்டாரு. "மேடம், பேரை மெஷினே சொல்லிருது. அப்புறம் நீங்க எதுக்கு?"

மேடம் சிரிச்சாங்க.

மூணாம் நாள் இசக்கியம்மா கேஸ். புள்ள பெத்து ஆறு நாள்தான். காய்ச்சல் கொதிக்கு, பிரஷர் எறங்கிட்டே போகுது. புள்ள வேற வார்டுல கத்திட்டுக் கெடக்கு.

இந்த டெஸ்டுக்கு ஒரு முறை இருக்கு. வலது கையில ஒரு தடவ, இடது கையில ஒரு தடவ ரத்தம் எடுத்து தனித்தனி பாட்டில்ல விடணும். ஏன்னா தோல்ல குடியிருக்குற கிருமி ஊசியோட சேந்து உள்ள வந்துரும். ஒரு கை பாட்டில்ல மட்டும் அது வளந்தா பெருசா எடுத்துக்க மாட்டாங்க. ரெண்டு கையிலயும் வளந்தா, ரத்தத்துலயே இருக்குன்னு பயப்படணும்.

ரெண்டு பாட்டில்லயும் வளந்துச்சு. தோல் கிருமின்னு மெஷின் பேரச் சொல்லிருச்சு. சார் குதிச்சிட்டாரு.

"ரெண்டு கையிலயும் இருக்கு மேடம். இப்ப ஓடுற மருந்துக்கு இது கேக்காது. ரெண்டு மருந்தும் சேத்து ஓட்டுனா கிட்னி தாங்காது. அத நிறுத்திட்டு வேற போடுறேன். ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க."

மேடம் பேனாவ மூடுனாங்க. "வாங்க சார், ஐசியு வரைக்கும் நடந்துட்டு வருவோம்."

"ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் மேடம்!"

"அப்ப வேகமா நடப்போம்."

இசக்கியம்மாவுக்கு மருந்தெல்லாம் கழுத்து வழியா ஓடிட்டிருந்துச்சு. கண்ண லேசாத் தொறந்துச்சு.

"கையக் காட்டுறியாம்மா?"

"மறுபடி ஊசியாக்கா?"

"இப்ப இல்ல. சும்மா பாக்கத்தான்."

வலது முழங்கை மடிப்புல பிளாஸ்திரி. இடது கைய மேடம் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. முழங்கையில இருந்து விரல் வரைக்கும் ஒரு ஊசிப் பொட்டு இல்ல.

சார் பக்கத்துல குனிஞ்சு பாத்தாரு. நோட்ட மெதுவா மூடிட்டாரு.

மேடமே ரெண்டு கையிலயும் புதுசா ரத்தம் எடுத்தாங்க. பழைய மருந்த நிறுத்த விடல. அந்தப் புது பாட்டில் எதுலயும் தோல் கிருமி வளரல. வயித்துல ஸ்கேன் பண்ணாங்க, கர்ப்பப்பையில சீழ். அத எடுத்தாங்க. ரெண்டாம் நாள் காய்ச்சல் எறங்கிச்சு. பழைய மருந்துதான் அவ்வளவு நேரமும் அந்த உசுரப் புடிச்சு வச்சிருந்துருக்கு.

அன்னைக்கு சார் லேபுக்கு வந்து கத்துனாரு. "ஒரே கையில எடுத்துட்டு வலது, இடதுன்னு எழுதுன பய எவன்?"

மேடம் என்னையப் பாத்தாங்க. "ஏன்பா அப்படிப் பண்ண?"

"ஒரு கையில குத்துனதுக்கே அந்தக்கா அழுதுட்டாங்க மேடம். இன்னொரு கையிலயும் குத்த மனசு வரல."

மேடம் எந்திரிச்சு எங்கிட்ட வந்தாங்க.

"பாவம் பாத்தது தப்பில்லப்பா. 'ரெண்டும் வலது கை'ன்னு எழுதியிருக்கலாம்ல?"

சார் நோட்டத் தொறந்து அத எழுதிக்கிட்டாரு. நான் தலைய ஆட்டிட்டு வந்துட்டேன்.

உங்ககிட்ட சொல்றதுக்கென்ன மக்கா. அந்தக்கா அழவே இல்ல. இடது கைய அவங்களாத்தான் நீட்டுனாங்க. எனக்குப் பசி. சாப்புடப் போயிட்டேன்.