முள்ளாயி கேட்ட ஒற்றை அனுமதி

சத்தியம்! சத்தியம்! முக்காலும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சொல்கிற நாக்கில் தேள் கொட்டட்டும்!

கொம்பன்மலைக் காட்டில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி, மூன்று குட்டிகளோடு ஒரு வளையில் வாழ்ந்துவந்தாள். ஒரு கோடையில் வேம்பன் என்ற காட்டுப்பன்றியிடம் ஏழு கிழங்கு கடன் வாங்கினாள். கடனுக்கு அடையாளமாகச் செம்மண் ஓட்டில் கால் பதித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கிழங்கையும் திருப்பிக் கொடுக்கும்போது தன் முள்ளால் ஓட்டின் ஓரத்தில் ஒரு துளை போட்டாள். கடன் தீர்ந்ததும் ஓட்டை உடைத்துவிட வேண்டும். அது அந்தக் காட்டு வழக்கம்.

ஏழாவது துளை போட்டதும், "அண்ணே, ஓட்டை உடைச்சிடுங்க" என்றாள்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, நீ போ தாயி. நாளைக்கு உடைச்சா ஆகாதா?" என்றான் வேம்பன்.

முள்ளாயியும் நம்பிப் போய்விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு!

இரண்டு மழைக்காலம் கழிந்தது. ஒருநாள் ஒரு மைனா வளை வாசலில் வந்து கத்தியது. "அக்கா, மோசம் போனோம்! வேம்பன் அந்தக் கடன் ஓட்டைக் காட்டி உன்மேல் வழக்குப் போட்டுவிட்டான். கிழங்கு வரவில்லையாம், உன் வளையைக் கேட்கிறான்!"

"நான்தான் ஏழையும் கொடுத்துவிட்டேனே! வந்து சொல்கிறேன்."

"சொல்ல முடியாதே! ஓட்டில் கால் பதித்தவர் மறுபேச்சுப் பேசக் கூடாது. பேசுவதற்கே மலைமேல் மன்றத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பத்து நாள்தான் கெடு. கேட்கத் தகுந்த சங்கதி ஒன்றாவது காட்டினால்தான் அனுமதி. இல்லையென்றால் ஓடு சொல்வதே தீர்ப்பு!"

எட்டு நாள் முள்ளாயி யோசித்தாள். கோடை, பஞ்சம், குட்டிகளின் பசி என்று எல்லாவற்றையும் கோத்து ஒரு நீளமான பேச்சைப் பாடம் பண்ணினாள். பகலில் தலைகாட்டாதவள், ஒன்பதாம் நாள் வெயிலில் மலையேறினாள்.

பத்தாம் நாள் உச்சிவேளையில் மன்றம் வந்தது. அங்கே நடுவரான பெரிய கொம்பன் யானை நின்றிருந்தார்.

நின்றிருந்தாரா? முள்ளாயி அதை ஒரு பாறை என்றுதான் நினைத்தாள். முதுகில் புல் முளைத்திருந்தது. புல்லில் மான் இரண்டு மேய்ந்தன. வால் பக்கம் மழை பெய்துகொண்டிருக்க, தலைப் பக்கம் வெயில் அடித்தது. அவர் மூச்சை இழுத்தால் மரமெல்லாம் அவர் பக்கம் சாய்ந்தது, விட்டால் நிமிர்ந்தது.

முள்ளாயிக்குப் பாடம் பண்ணிய பேச்சு முழுக்க மறந்துபோயிற்று.

"அது என்ன சலசலப்பு?" என்று மலை கேட்டது.

"என் முள்ளுங்க ஐயா. பயத்தில் ஆடுகிறது."

ஓட்டோடு வந்திருந்த வேம்பன் சிரித்தான். "பார்த்தீங்களா ஐயா, சொல்வதற்கு ஒன்றுமில்லை! ஓட்டைப் பாருங்க, அவள் கால்தான். ஒரு துளையாவது இருக்கிறதா?"

ஓட்டைப் பாறைமேல் வைத்தான். ஓரம் வழவழவென்றிருந்தது. முள்ளாயிக்கு உயிரே போய்விட்டது. கண்ணுக்குத் துளை ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மூக்குக்கு ஏதோ தட்டுப்பட்டது. கிட்டப் போய் முகர்ந்தாள்.

"ஐயா, என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. இது மலைச் செம்மண் ஓடு. இதன் ஓரத்தில் மட்டும் வேம்பண்ணன் புரளுகிற குட்டைச் சேற்று வாடை ஏன் வருகிறது?"

மேய்ந்த மான்கள்கூடத் தலை தூக்கின. தும்பிக்கை, மேகத்திலிருந்து இறங்குவதுபோல் இறங்கி, ஓட்டின் ஓரத்தை ஒரே ஒருமுறை முகர்ந்தது.

"கேட்கத் தகுந்த கேள்வி. முள்ளாயி, வாய் திறக்க உனக்கு அனுமதி கொடுத்தோம். பௌர்ணமியன்று விசாரணை" என்றார் கொம்பன்.

ஆனால் முகர்ந்த மூச்சு சாதாரண மூச்சா? ஓட்டில் அடைத்திருந்த காய்ந்த சேறு அத்தனையும் தும்பிக்கைக்குள் போயிருந்தது! அவர் ஓட்டைச் சூரியனுக்கு நேரே உயர்த்தினார். ஏழு துளைகள். ஏழு வெளிச்சப் பொட்டுகள் முள்ளாயியின் முகத்தில் விழுந்தன. மன்றமே வாய் பிளந்து பார்த்தது.

"பௌர்ணமி வரை காத்திருக்கலாமா, வேம்பா?"

"வேண்டாங்க ஐயா, வழக்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்!" என்றவன் குரல் காற்றில் வரும்போதே ஆள் பள்ளத்தாக்கில் இருந்தான்.

கொம்பன் ஓட்டைக் கீழே வைத்து, மேலே காலை வைத்தார். இரண்டு மழைக்கு முன்னால் உடைந்திருக்க வேண்டிய ஓடு பொடியானது. முள்ளாயி அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு, குட்டிகளிடம் போனாள்.

ஆயிரம் அழுகையைவிட, கெடுவுக்குள் கேட்ட ஒரு சரியான கேள்வியே நியாயத்தின் கதவைத் திறக்கும்.

கதை பிடித்திருந்தால் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். வேம்பன் இன்னும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறான்!