பசி நேரத்துப் பேச்சு

பம்பு கம்பெனிகளின் டீலர் கூட்டத்தில் பகல் பன்னிரண்டரை மணிக்குப் பேசக் கூப்பிட்டால் அது தண்டனைதான். பக்கத்து ஹாலில் இலை போட ஆரம்பித்ததும் டீலர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக நழுவிவிடுவார்கள். மேடையில் நிற்பவர் காலி நாற்காலிகளுக்குப் புது மோட்டாரின் பெருமையைச் சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். இந்த வருஷம் அந்த நேரம் சுகந்தி தலையில் விழுந்தது. நன்றாகப் பேசினால் ஈரோடு ஏரியா அவள் கைக்கு வரும். உளறினால் மறுபடியும் ஆபீசில் உட்கார்ந்து கொட்டேஷன் டைப் அடிக்க வேண்டும்.

கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றில், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதி வைத்த தாளைப் பார்த்தாள். எத்தனை தரம் படித்தும் ஒரு வரிகூட மனசில் நிற்கவில்லை.

"பயமா இருக்குதா அம்மிணி?" என்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் நஞ்சப்பண்ணன். விற்பனையில் இருபத்தெட்டு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியையும் நம்பக் கூடாது என்பது ஆபீஸ் முழுக்கத் தெரிந்த விஷயம்.

"என்னையப் பாரு. சேர்ந்த புதுசுல மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கும். எப்படித் தேறுனேன்? அன்னூர்ப் பக்கம் ஒரு போர்வெல் குழி. ஆயிரம் அடி போட்டும் வெறும் புழுதி. தினம் விடியால அதுக்குள்ள தலையை விட்டுப் பேசிப் பழகினேன். இருபதாம் நாள் தண்ணி மேல வந்து கேட்க ஆரம்பிச்சிருச்சு!"

"ஆறரை அங்குலக் குழிக்குள்ள உங்க தலை எப்படிங்ணா போச்சு?"

"அப்ப நான் ஒல்லி."

"மழை பேஞ்சிருக்கும்ங்ணா," என்றார் பக்கத்தில் டெமோ மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த சர்வீஸ் மெக்கானிக் ரங்கராஜ்.

"மழையாவது ஒண்ணாவது! நான் பேச்சை நிறுத்துனா தண்ணி இறங்கிருச்சப்பா. தோட்டக்காரரு என்னைய ஊருக்கே உடலை." நஞ்சப்பண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அது கெடக்கட்டும். உடுமலைக் கூட்டத்துல நடுப்பேச்சுல கரண்ட் போயிருச்சு. நான் நிறுத்துவனா? என் குரல் வேகத்துல ஃபேன் சுத்துச்சு. காட்சிக்கு வெச்சிருந்த அஞ்சு ஹெச்.பி. மோட்டார் தானா ஓடுச்சு. மறுநாள் லைன்மேன் ஏணியோட வந்துட்டாரு, என் வாய்க்கு மீட்டர் மாட்டோணும்னு!"

சுகந்தியால் பொறுக்க முடியவில்லை. "அஞ்சு ஹெச்.பி.க்கு மூணு ஃபேஸ் கரண்ட் வேணுமில்லீங்க? உங்களுக்கு ஒரு வாய்தானே?"

"தமிழ், தெலுங்கு, மலையாளம் மூணுலயும் பேசுனேன் அம்மிணி."

ரங்கராஜ் துணியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நஞ்சப்பண்ணன் அசரவில்லை.

"ஆனா பேச்சுல பெருசு நிறுத்தம்தான். தாராபுரத்துல ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துனேன் பாரு, சபையே அசையலை. அந்த நிறுத்தத்துக்குள்ள முன்வரிசை டீலர் ஒருத்தரு வீட்டுக்குப் போயி, பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து, கல்யாணம் முடிச்சு, மறுவீடு அனுப்பிட்டு வந்து உக்காந்தாரு. அப்புறந்தான் அடுத்த வார்த்தை சொன்னேன்."

"அப்படி என்னங்ணா வார்த்தை?"

"'ஆகவே'ன்னேன்."

சுகந்தி கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தபோதே மேடையில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். "நீ போ, நான் முதல் பந்தியில இடம் புடிக்கிறேன்," என்று நஞ்சப்பண்ணன் சாப்பாட்டு ஹாலுக்கு நடையைக் கட்டினார்.

சிரிப்பு அடங்காமலே மைக்கைப் பிடித்தாள். தாள் நாற்காலியிலேயே கிடந்தது. போனால் போகிறது என்று, அண்ணனிடம் வம்பளந்த மாதிரியே ஆரம்பித்தாள்.

"தோட்டத்துல மோட்டார் புகைஞ்சா விவசாயி கம்பெனியவாங்க திட்டுறாரு? உங்களைத்தானே திட்டுறாரு?"

முன்வரிசை சிரித்தது. பின்னால் போனைக் காதில் வைத்திருந்தவர் அதை எடுத்துப் பையில் போட்டார். சுகந்திக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். அதன் பிறகு பயம் என்று ஒன்று இருந்ததே அவளுக்கு நினைவில்லை.

அவள் சாப்பாட்டு ஹாலுக்கு வந்தபோது மணி ஒன்றே கால். இருநூறு இலைக்கு நடுவே நஞ்சப்பண்ணன் மட்டும் தன்னந்தனியாக உட்கார்ந்து பாயசத்தை வழித்துக்கொண்டிருந்தார்.

"என்ன அம்மிணி, பாதியிலயே இறங்கிட்டயா?"

"முழுசாப் பேசிட்டனுங்ணா. இலை போட்டாச்சுன்னு ரெண்டு தரம் சொல்லியும் ஒருத்தரும் எந்திரிக்கலை. இன்னும் ரங்கராஜண்ணனைச் சுத்தி நின்னு கேள்வி கேட்டுட்டு இருக்கறாங்க."

நஞ்சப்பண்ணன் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"வேண்டாம் அம்மிணி. நானும் இருபத்தெட்டு வருஷமாப் புளுகறேன், இந்த அளவுக்குப் போனதில்லை."