பத்து நாளில் நூறு வயசு

மழை வேளை தவறாமல் பெய்து, ராசா மட்டும் வேளைகெட்ட வேளையில் கட்டளை போட்டுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், மணற்றுறை நாட்டை வெண்குடைக்கோன் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். துறைமுகத்தில் அவருக்கு ஒரு பண்டசாலை. அதற்குள் யவனக் கப்பல்கள் கொண்டுவந்த திராட்சை மது, சாடி சாடியாக. அந்தச் சாடிகளுக்கு அடிப்பக்கம் கூம்பியிருக்கும், தரையில் நிற்காது. மணலைக் கொட்டி நாற்று நடுவதுபோல நட்டுவைக்க வேண்டும். இருபது வருஷமாக நட்டுவைத்தவள் காவல்காரி வேம்பி. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் சாடியில் ஒரு துளி குறையாது.

மது விஷயமென்றால் மன்னர் அவளைத்தான் கூப்பிடுவார். "யவனர்கள் இதில் தண்ணீர் கலந்து குடிக்கிறார்களாமே, கஞ்சத்தனமா?" என்று கேட்டால், "இல்லைங்க மகாராசா, கலக்காமக் குடிக்கிறவனைத்தான் அவங்க ஊர்ல காட்டான்னு சொல்லுவாங்களாம்" என்பாள். அதுவரை கலக்காமலே குடித்துக்கொண்டிருந்த மன்னர் அவசரமாகத் தண்ணீர்ச் செம்பைத் தேடுவார். சபை சிரிக்கும். ஒருவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் அரசவையில் நாழிகை பார்த்துச் சொல்லும் கணியர் உலகளந்தார். மணலில் சாடி நடுகிறவள் பேச்சுக்கு மன்னர் காது கொடுப்பதா என்று அவருக்கு வயிறு எரியும்.

ஒரு நாள் விருந்தில் யவன மாலுமித் தலைவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "எங்கள் வேந்தர் நூறு வயது மதுதான் அருந்துவார். வயது ஏற ஏறத்தான் அதற்கு மதிப்பு" என்று சொல்லிவிட்டான். மன்னருக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

"இவன் கப்பல் பத்து நாளில் கிளம்புகிறது. அதற்குள் நம்மிடமும் நூறு வயது மது இருக்க வேண்டும்" என்றார்.

"போன மாசம் வந்த சரக்குதாங்க இருக்கு" என்றாள் வேம்பி.

கணியர் எழுந்தார். "வேம்பியால் முடியாததா மன்னா? முடியாவிட்டால் அதே கப்பலில் அவளையும் ஏற்றி அனுப்பிவிடலாம். யவன நாட்டிலேயே கற்றுக்கொள்ளட்டும்."

"நல்ல யோசனை. அப்படியே செய்வோம்" என்றார் மன்னர்.

 தோணியில் கால் வைத்தாலே வாந்தி எடுக்கிறவள் வேம்பி. பிறந்த மண்ணை விட்டுவிட்டு முன்பின் தெரியாத தேசத்தில் போய் எப்படிப் பிழைப்பாள்? பயத்தை மென்று விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"மகாராசா ஆணை எதுவரைக்கும் செல்லுங்க?"

"கடல்கூடக் கேட்கும்."

"காலம் கேட்குமா?"

மன்னர் கணியரைப் பார்த்தார். காலம் அவர் இலாகா அல்லவா. கேட்காது என்று மன்னர் முகத்துக்கு நேரே சொல்ல எந்த அரசவைக்காரனுக்குத் துணிச்சல் வரும்? "தங்கள் ஆணைக்குக் காலம் கைகட்டி நிற்கும் மன்னா" என்றார் கணியர்.

"அப்போ, பண்டசாலைக்குள்ள ஒரு நாள்னா பத்து வருஷம்னு ஆணை போட்டுடுங்க. நாளை எண்ணிச் சொல்ல ஒரு ஆள் உள்ளேயே இருக்கணும். கணியரய்யாவை விட்டா வேற யாரு இருக்கா?"

கணியர் சந்தோஷமாகவே போனார். புது மது பத்து நாளில் பழசாகிவிடுமா? கூடவே இருந்து பார்த்துச் சாட்சி சொன்னால் வேம்பி தொலைந்தாள் என்று நினைத்துக்கொண்டார். கதவைப் பூட்டினார்கள். ஊரெங்கும் முரசறைந்து ஆணையைச் சொன்னார்கள். சன்னல் வழியாகச் சோறு போயிற்று.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் கணியரையும் ஒரு சாடியையும் சபைக்குக் கொண்டுவந்தார்கள். சாடியின் பிசின் மூடியை உடைத்து ஊற்றினார்கள். முதலில் மாலுமித் தலைவன் குடித்தான். நாக்கில் பட்டதுமே அவனுக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் அவனுடைய மிளகு மூட்டைகள் மன்னர் அனுமதிக்காகக் கரையிலேயே கிடந்தன.

"நூறு வயது" என்றான். "ஒன்றிரண்டு கூடவும் இருக்கலாம்."

"பொய்" என்று கத்தினார் கணியர். "நான் உள்ளேயே இருந்தேன். பத்தே நாள்தான் ஆயிற்று."

வேம்பி மன்னர் பக்கம் திரும்பினாள். "மகாராசா ஆணை பண்டசாலை வாசப்படியைத் தாண்டலைன்னு கணியரய்யா சொல்றாருங்க."

மன்னரின் மீசை துடித்தது. கணியருக்கு வேர்த்துக் கொட்டியது. "ஐயையோ, வாய் தவறிவிட்டது மன்னா. நூறு வருஷமேதான். ஒவ்வொன்றாக எண்ணினேன்."

"உள்ள போறப்போ அய்யாவுக்கு என்ன வயசுங்க?"

"ஐம்பத்திரண்டு" என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மன்னர் சிம்மாசனத்திலிருந்து இறங்கிவந்து, நூற்றைம்பத்திரண்டு வயதுப் பெரியவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "என் கொள்ளுத்தாத்தாவை விட மூத்தவர் நீங்கள். உங்களை நிற்கவைத்து வேலை வாங்கினால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடுமா? இன்றோடு ஓய்வெடுங்கள்" என்றார். இரண்டு பேர் கணியரைக் கைத்தாங்கலாகத் தூக்கிப் போனார்கள். என்னால் நடக்க முடியும் என்று அவர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. தள்ளாத வயதில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். முப்பத்திரண்டு பல்லும் இருந்த மனிதருக்கு அன்று முதல் குழைந்த கஞ்சியும் இடித்த வெற்றிலையும்தான்.

மன்னருக்கு வேம்பியின் மேல் ஒரே பெருமை. முத்துமாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, "வா, அடுத்த சாடியை நானே பொறுக்குகிறேன்" என்று பண்டசாலைக்குக் கிளம்பினார்.

"தாராளமா வாங்க மகாராசா" என்று கதவைத் திறந்தாள் வேம்பி. "ஆணை இன்னும் அப்படியேதான் இருக்கு. ஒரு நாழிகை நின்னா ரெண்டு மாசம் வயசு ஏறும்."

உள்ளே வைத்த காலை மன்னர் வெளியே எடுத்துக்கொண்டார். "அப்படியானால் தினமும் உள்ளே போய்வர வேண்டியவள் நீதானே. உன் வயது என்ன ஆவது?"

"காவல்காரிக்கு வயசாகுறதை அரண்மனையில யாருங்க எண்ணினாங்க?"

மன்னர் வாசப்படியிலிருந்தே அரண்மனைக்குத் திரும்பினார். அன்றிலிருந்து மணற்றுறையில் வேம்பி மனசு வைத்தால்தான் மன்னருக்கே மது.