இருபத்திரண்டு பட்டங்கள்

நடுகல் வாசகம் எழுதியது சேந்தன்தான். வயது ஐம்பது. பகலில் அரண்மனை எழுத்தர், மாலையில் குருவிடம் சீடன். அன்று அவன் வந்தபோது முகம் பூரித்திருந்தது.

"படி, கேட்போம்" என்றார் குரு.

சேந்தன் ஓலையைப் பிரித்தான். பகைவர்க்கு இடி, மலை பெயர்த்தவர், சிங்கத்தை வென்ற சிங்கம் என்று மன்னரின் பட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. மொத்தம் இருபத்திரண்டு. போருக்கு முன்னால் பதினேழுதான் இருந்தன. கடைசியாக மன்னரின் பெயரும் ஆட்சியாண்டும் வந்தன. அதன் பிறகு, 'ஆற்றுத்துறையில் ஒரு வீரன் பட்டான்.'

"துறையில நின்னது யாரு?"

"ஏறன்னு ஒரு காவல்காரன், ஐயா. தனி ஆளா வேலைப் பிடிச்சுக்கிட்டு அரைப்பொழுது தடுத்து நின்னான். அதுக்குள்ள ஊர் சனம் மாடு கன்னோட கோட்டைக்குள்ள வந்து சேர்ந்துடுச்சு."

"மன்னர் எங்க இருந்தார்?"

"கோட்டைக்குள்ள."

பத்திரமாகத்தான் இருந்தார். போர் முடிந்த மறுநாள்தான் வெளியே வந்தார். வந்ததும் ஐந்து பட்டம் சூட்டிக்கொண்டார்.

வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஏறனின் மனைவி பூதி. கோபத்தில் மூச்சு வாங்கியது.

"சாமி, கல்லு கொத்தி முடிஞ்சுதுன்னாங்க, போனேன். எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரைப் படிக்கச் சொன்னேன். ரெண்டு தடவை படிச்சாரு. எங்க வீட்டுக்காரர் பேரு வரவே இல்லீங்க. ஒடம்பும் கிடைக்கல, ஆத்தோட போயிடுச்சு. பேராவது நிக்கும்னு நினைச்சேனே!"

சேந்தன் தலையைச் சொறிந்தான். "கல்லுல இடம் போதலம்மா."

"அவரு நிக்கறதுக்கு இடம் பார்த்தாரா?"

சேந்தன் குருவின் பக்கம் திரும்பினான். "ஐயா, மன்னர் பேரை முதல்ல எழுதறதுதானே மரபு? நான் செஞ்சதுல என்ன தப்பு?"

"நாளைக் காலையில சொல்றேன்" என்றார் குரு. "அம்மா, நீயும் வா."

மறுநாள் காலை ஆற்றங்கரையில் கல்லை நட்டார்கள். மேளம், கொடி, பட்டுக்குடை எதற்கும் குறைவில்லை. மன்னர் குடையின் கீழ் நின்றார். வெயிலில் நின்றவர்களில் பூதியும் ஒருத்தி.

கல்லில் உள்ளதை ஊரில் மூத்தவர் உரக்கப் படித்து, அதில் பெயர் உள்ளவருக்குச் செவ்வலரி மாலை சாத்த வேண்டும். அதுதான் அந்த நாட்டு வழக்கம். குருவை அழைத்தார்கள்.

குரு படித்தார். ஒரு பட்டத்தையும் விடவில்லை. கூட்டம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. முடித்ததும் மாலையை எடுத்தார். கல்லின் பக்கம் போகவில்லை. நேரே குடையின் கீழ் போய் மன்னர் கழுத்தில் போட்டார்.

மேளம் நின்றுவிட்டது.

"என்ன இது!" மன்னர் மாலையைத் தொடப் பயந்து கைகளை விலக்கிக்கொண்டார். "செத்தவனுக்குப் போடுற மாலை இது!"

"ஆமாம். பேரு இருக்கிறவருக்குத்தான் போடணும். முழுசாப் படிச்சேன், உங்க பேரு மட்டும்தான் இருக்கு."

"எடுங்க இதை!"

காவலர்கள் அசையவில்லை. இறந்தவனின் மாலையைத் தொட அவர்களுக்குப் பயம். அவர்களும் ஏறனோடு சோறு தின்றவர்கள்தான்.

"நானே எடுக்கறேன்" என்றார் குரு. "இது யாருக்குன்னு பேரைச் சொல்லுங்க."

மன்னருக்குத் தெரியவில்லை. தன் உயிரைக் காத்தவன் பெயர் தெரியவில்லை! அவர் சேந்தனைப் பார்த்தார்.

"அவனைப் பார்க்காதீங்க. பேரு தெரிஞ்சும் எழுதாதவன் அவன்."

மன்னர் பூதியிடம் திரும்பினார். "உன் கணவன் பேரு என்னம்மா?"

பூதி அவரை நேராகப் பார்த்தாள்.

"கட்டினவர் பேரை நான் எப்படிங்க என் வாயால சொல்றது? கல்லு சொல்லும்னுதான் வந்தேன்."

சேந்தன் குனிந்த தலையோடு குருவின் அருகில் வந்தான். கல்லின் அடியில் சிற்பி விட்டுப்போன உளியை எடுத்து, குரு அவன் கையில் கொடுத்தார்.

"எந்தப் பட்டத்தை முதல்ல கொத்தி எடுக்கறதுன்னு மன்னரைக் கேளு."